பட்டினி கிடந்த 36 பேர்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வீட்டில் யாராவது முடிவெடுத்தால் முதலில் என்ன செய்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். "இன்றையிலிருந்து எனக்குச் சோறே வேண்டாம்" என்பார்கள். நாலு நாள் போனதும், ராத்திரி பத்து மணிக்கு முறுக்கு டப்பா காலியாகியிருக்கும். "உனக்கு மன உறுதியே இல்லை" என்று மற்றவர்கள் சொல்லிக்காட்டுவார்கள். பாவம், அவர்கள்மேல் தப்பே இல்லை. பட்டினி போட்டால் எந்த உடம்பும் அப்படித்தான் செய்யும். 36 பேர் தங்கள் உடம்பையே கொடுத்து நமக்குத் தெரியவைத்த செய்தி இது.

1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியில் வாடினார்கள். அவர்களுக்கு எதை, எவ்வளவு கொடுத்து உடம்பைத் தேற்றுவது என்று மருத்துவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் அதைக் கண்டறிய முனைந்தார். அவருடைய ஆய்வில் பங்கேற்க 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும், ஆளைக் கொல்லத் துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று மனச்சாட்சிப்படி மறுத்தவர்கள். போர்க்களத்துக்குப் போகாவிட்டாலும் பசித்த மக்களுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறையப் பாதிதான். நாளுக்கு இரண்டே வேளை. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. இதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

எடை குறைந்தது. ஏறக்குறையக் கால்வாசி போய்விட்டது. கூடவே என்னென்ன நடந்தது என்று பாருங்கள். கோடைக் காலத்திலும் அவர்களுக்குக் குளிர் எடுத்தது. இதயம் மெதுவாகத் துடித்தது. படி ஏறவே தெம்பு இல்லை. சிரிப்பும் விளையாட்டும் போய், எரிச்சலும் சோர்வும் வந்தன. பொழுது விடிந்தால் சாப்பாட்டு நினைப்புதான். தட்டை நாக்கால் வழித்து நக்கினார்கள். கிடைத்த சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டிக்கொண்டு, துளித்துளியாக, வெகுநேரம் சாப்பிட்டார்கள். சிலர் சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கி மறுபடி இஷ்டம்போல் சாப்பிடலாம் என்றானபோது பலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை.

ஏன் இப்படி? வருமானம் பாதியாகிவிட்ட வீட்டில் என்ன செய்வார்கள்? தேவையில்லாத விளக்கை அணைப்பார்கள், செலவைச் சுருக்குவார்கள், வேறு எங்கிருந்தாவது பணம் வருமா என்று தேடுவார்கள். உடம்பும் அதையேதான் செய்கிறது. நீங்கள் ஆசைப்பட்டுச் சாப்பாட்டைக் குறைக்கிறீர்களா, ஊரில் பஞ்சமா என்று அதற்குத் தெரியாது. சூட்டைக் குறைத்து, துடிப்பைக் குறைத்து, சாப்பாட்டைத் தேடு தேடு என்று மூளையை விரட்டும்.

யார் விரட்டுவது? 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்ற அறிஞரின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் இது, 'சேமிப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை பயந்துபோய்ப் பசியைக் கூட்டும். 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்ற இன்னொரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். வயிறு காலியாகும்போது வயிற்றிலிருந்தே சுரந்து, பசியைத் தூண்டும் ஹார்மோன் அது. ஆக, பசி என்பது உடம்பு அனுப்பும் செய்தி. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எடை குறைக்க வேண்டிய பெரியவர்கள் இருக்கிறார்கள்தான். மருத்துவரே சொல்லியிருப்பார். அவர்கள் சாப்பாட்டைப் பகையாளியாக நினைத்துத் தொடங்கினால் மினசோட்டாவில் நடந்ததுதான் சின்ன அளவில் வீட்டிலும் நடக்கும். நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் நல்ல தொடக்கம். தட்டில் காய்கறி, கீரை கூடட்டும். பருப்பு, சுண்டல், முட்டை போன்றவை இருந்தால் சீக்கிரம் பசிக்காது. மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கல்யாண வீட்டில் ஒரு லட்டு சாப்பிட்டால் சாப்பிட்டதுதான், அதற்காக மறுநாள் பட்டினி கிடக்கக் கூடாது. ஒரு தின்பண்டத்தை மட்டும் பூட்டி வைத்தால் குழந்தைகளுக்கு அதன்மேலேயே ஆசை கூடுகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

வளரும் பிள்ளைகளான உங்கள் விஷயம் வேறு. உங்கள் எலும்பு நீள்கிறது, மூளை வளர்கிறது. உயரமாவதற்கு முன்னால் பலருக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆவதும் உண்டு. நீங்களாக 'டயட்' இருக்கவே கூடாது. உடம்பைப் பற்றிக் கவலை வந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்; தேவைப்பட்டால் அவர்கள் மருத்துவரிடம் அழைத்துப்போவார்கள்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் யாரையும் 'குண்டு' என்றோ 'ஒல்லிப்பிச்சான்' என்றோ கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டதால் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், நாளைக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.