ஒலிபெருக்கியின் இரைச்சலும் அதன் காரணத்தை அறியும் முறையும்

பள்ளி விழாவிலும் கிராமக் கூட்டத்திலும் ஒலிபெருக்கியை இயக்கியவுடன், எவரும் பேசத் தொடங்கு முன்னரே ஒருவித முரலொலி எழுவது யாவரும் அறிந்ததே. பலர் இதை வெறும் தொல்லையாகக் கருதுவர். ஆனால் இரைச்சலைக் கூர்ந்து கேட்டால், பழுது எப்பகுதியில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அவ்வாறு செய்யாமல், அவசரத்தில் எர்த் கம்பியைத் துண்டித்து ஒலியை அடக்க முற்படுவது உயிருக்கே ஆபத்தாகும்.

இரைச்சல்கள் யாவும் ஓரினத்தவை அல்ல. நம் நாட்டு வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ட் அழுத்தமும் வினாடிக்கு 50 சுழற்சியும் உள்ள மாறுதிசை மின்சாரம். ஆகவே 50 சுழற்சியில் எழும் மிகத் தாழ்ந்த முரலொலி, வெளியிலிருந்து கேபிள் வழியே புகுந்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். மின்மாற்றியுடன் கூடிய ஆம்ப்ளிபயர்களில், மாறுதிசை மின்சாரத்தின் இரு அரை அலைகளும் நேர்மின்சாரமாக்கப்படுவதால் 100 சுழற்சியுள்ள சிற்றலை எஞ்சும். அதை வடிகட்டும் மின்தேக்கி நாட்பட்டு உலர்ந்துவிட்டால், முன்னதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்த முரலொலி கேட்கும். கூம்பு ஒலிபெருக்கி இத்தாழ்ந்த ஒலிகளைச் சரிவர எழுப்பாது. எனவே பெட்டி ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ கேட்டு முடிவு செய்தல் நலம்.

ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று ஒலித்தால், அதனுள் தூசி படிந்திருக்கலாம். கேபிளை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், பற்றாசு விட்டுப்போயிருக்கலாம். விளக்கின் ஒளியைக் குறைக்கும் ரெகுலேட்டரை இயக்கியவுடன் கூரிய ரீங்காரம் எழுந்தால், காரணம் அந்த ரெகுலேட்டரே.

பழுதைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒலிக் குமிழை முற்றிலும் குறைக்க வேண்டும். அப்பொழுதும் முரலொலி நீடித்தால், குறை குமிழுக்குப் பின்னுள்ள பகுதியிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. ஒலி மறைந்தால் குறை அதற்கு முன்னரே உள்ளது. பிறகு ஒலிவாங்கி, கணினி முதலிய உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியபோது இரைச்சல் நின்றதோ, அவ்வழியையே ஆராய வேண்டும்.

கணினியின் கேபிளைக் கழற்றியதும் முரலொலி நின்றால், அது பெரும்பாலும் எர்த் வளையத்தால் நேர்வதாகும். கணினி ஓர் அறையின் பிளக்கிலும் ஆம்ப்ளிபயர் மற்றோர் அறையின் பிளக்கிலும் இணைந்திருந்தால், இரண்டு எர்த் முனைகளுக்கிடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருக்கக்கூடும். ஒலிக் கேபிளின் உறை அவ்விரண்டையும் இணைப்பதால், அதன் வழியே 50 சுழற்சி மின்னோட்டம் பாய்ந்து ஒலியுடன் கலந்துவிடுகிறது.

இந்நிலையில் சிலர் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடுகின்றனர். முரலொலி உடனே நிற்பதால் அதுவே சரியான பரிகாரம் என்று நம்பியும் விடுகின்றனர். பிறிதொரு நாள் கருவியினுள் மின்காப்புப் பழுதுற்று, பேஸ் கம்பி உலோகப் பெட்டியைத் தொடுமாயின் என்ன நேரும்? எர்த் இருந்தால் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் உருகிவிடும். அஃது இல்லையேல் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கேபிளின் உறை வழியே ஒலிவாங்கியின் உலோக உடலுக்கும் அது பரவும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதைப் பிடிக்கும் மாணவனின் உடலே மின்சாரத்திற்கு வழியாகிவிடும். 1972ஆம் ஆண்டு மே மாதம், வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்ட கித்தார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

சரியான பரிகாரங்கள் கடினமானவை அல்ல. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் அளிக்கலாம். இது ஒன்றே பல இடங்களில் போதுமானது. ஒலிவழியில் 1:1 தனிப்படுத்தும் மின்மாற்றியை இணைக்கலாம். நெடுந்தூரத்திற்கு இரு கம்பிகளும் உறையும் கொண்ட சமநிலைக் கேபிளைப் பயன்படுத்தலாம். மின்கம்பிக்கு இணையாக ஒலிக் கேபிளை இழுக்காமல், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கச் செய்யலாம்.

எர்த் முறையாக உள்ளதா என்று தொடக்கச் சோதனை செய்ய மல்டிமீட்டர் உதவும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதற்கு அணித்தான அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டும் இருத்தல் வேண்டும். இவ்வளவுகள் பெரிதும் மாறினால் பழுது உண்டு. ஆனால் அளவுகள் சரியாக இருப்பதாலேயே எர்த் நன்றாக உள்ளது என்று முடிவு செய்துவிடக் கூடாது. மல்டிமீட்டர் மிகச் சிறு மின்னோட்டத்தையே இழுப்பதால், துருப்பிடித்த இணைப்பும் அதற்குச் சரியானதாகவே தோன்றும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தின் தடையை அளப்பதே உறுதியான சோதனை.

மல்டிமீட்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தல் போதாது. பிளக்கில் செருகும் கருவிகளைச் சோதிக்க அளவீட்டு வகை 2 போதும். சுவிட்சுப் பலகை முதலிய நிலையான அமைப்புகளுக்கு வகை 3, 600 வோல்ட் என்ற குறிப்பு வேண்டும். பொதுவான மின்னணு மீட்டரின் உள்ளீட்டுத் தடை சுமார் 10 மெகாஓம் ஆதலால், எதனுடனும் இணையாத கம்பியிலும் அது போலி மின்னழுத்தம் காட்டக்கூடும். குறைந்த தடை நிலையும் உள்ள மீட்டர் இக்குழப்பத்தைத் தவிர்க்கும். சாதாரண மீட்டர் சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் சுமார் 11 விழுக்காடு மிகுத்துக் காட்டும். உண்மையான சராசரி வர்க்கமூல மதிப்பை அளக்கும் மீட்டருக்கு இக்குறை இல்லை. முனைக்கம்பிகளின் காப்புறை வெடித்திருந்தால் எத்தகைய மீட்டரும் பயனற்றது. மின்சாரம் உள்ள இடத்தில் தடை அளக்கும் நிலையில் மீட்டரை ஒருபோதும் வைத்தலாகாது.

இவற்றுடன் 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்துவது மேலும் பாதுகாப்பு. முரலொலி சற்று எஞ்சினாலும் விழா நடந்துவிடும். எர்த் இன்றி மட்டும் எந்த விழாவும் நடத்தலாகாது.