கேட்டைத் தாண்டியும் பாருங்கள்! கல்லூரிப் பாதுகாப்பு: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிள்ளையை பெங்களூரில் சேர்க்க வரும் பெற்றோர், கல்லூரியின் பாதுகாப்பை வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை வைத்தே எடைபோடுகிறார்கள். அவர்கள் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்கள் சில.

அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், கேமராவும் இருக்கிறது. போதாதா?

வெளியாளைத் தடுக்க அவை வேண்டும். 2005 டிசம்பர் 28 அன்று இந்திய அறிவியல் கழக வளாகத்தில், கருத்தரங்குக்கு வந்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் எம்.சி.பூரி உயிரிழந்தார். 2015-இல் யுஜிசி வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் ஏற முடியாத மதில், மேலே முள்கம்பி என்றெல்லாம் பேசின. ஆனால் அதே அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பர் 5 அன்று ஆய்வுக்கூடம் ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் ஆய்வாளர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். வாயு சிலிண்டர் வெடித்ததாகக் கூறப்பட்டது. இதை எந்த மதில் தடுக்கும்?

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஹாஸ்டலின் இரண்டாவது படிக்கட்டை. அதன் கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், அவர் இரவில் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். படிக்கட்டெங்கும் புகை, தப்பும் வழிகள் அடைபட்டிருந்தன, மூச்சுத் திணறிச் சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். பெரும்பாலும் தீயைவிடப் புகைதான் முந்திக்கொண்டு ஆளைச் சாய்க்கிறது. அதனால் லிஃப்டை நாடாமல், குனிந்தபடி படிக்கட்டைத் தேடிப் போகவேண்டும். அந்தப் படிக்கட்டில் பூட்டு தொங்கினால்?

'கட்டுப்பாடு' என்ற பெயரில் பூட்டுகிறார்கள், மகளிர் ஹாஸ்டலில் இன்னும் கூடுதலாக. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, உடனே அலாரம் அடிக்கும் கதவைப் போட்டால் வார்டனின் கவலையும் தீரும். செலவைக் காரணம் காட்டும் நிர்வாகத்திடம் கட்டண ரசீதைக் காட்டலாம்! பிள்ளை பி.ஜி.யில் தங்கினால், ஒரே படிக்கட்டும் ஜன்னலெல்லாம் கிரில்லுமாக உள்ள கட்டடத்தைத் தவிருங்கள்.

வெடிகுண்டு மிரட்டல் மெயில் எல்லாம் புரளிதானே?

2023 டிசம்பர் 1 அன்று பெங்களூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கும், 2024 அக்டோபரில் சில பொறியியல் கல்லூரிகளுக்கும் வந்தவை புரளிதான். சோதனை முடிந்த பிறகே அது தெரிந்தது. அதுவரை மாணவர்கள் துறைவாரியாகக் குறித்த மைதானத்தில் கூடவேண்டும். அங்கே வருகைப்பதிவு எடுத்தால்தான் உள்ளே யார் சிக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். பெற்றோர் பதறியடித்து வண்டியில் வந்து வாசலை அடைத்துவிடக் கூடாது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

எந்த எண்ணை அழைப்பது?

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. கல்லூரிப் பெயரோடு நிறுத்தாமல் கட்டடம், மாடி, பக்கத்திலுள்ள கேட் எல்லாம் சொல்லவேண்டும். கூடவே வளாகக் காவலருக்கும் சொன்னால் பூட்டிய கேட் திறந்திருக்கும்.

ஒத்திகை என்று வகுப்பை வீணடிக்கலாமா?

ஒரு பீரியட்கூட ஆகாது. ஆனால் தேதி சொல்லி, பகலில், போட்டோவுக்காக நடத்துவதில் பயன் குறைவு. ஹாஸ்டலில் ஓர் இரவு முன்னறிவிப்பின்றி அலாரம் அடிக்கட்டும். எந்தக் கதவு திறக்கவில்லை, எந்த மாடிக்குச் சத்தமே கேட்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சேர்க்கையின்போது, கடைசி இரவு ஒத்திகை எப்போது நடந்தது என்று கேளுங்கள்.