இருதயத்திலும் கட்டி வருமா?

ஆட்டு இருதயம் ஒன்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த உயிரியல் வகுப்பில், "இருதயத்திலும் கட்டி வருமா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். வரும், ஆனால் மிக அரிதாக வரும் என்பதே விடை. பிற உறுப்பிலிருந்து பரவி வரும் புற்று வேறு, இருதயத்திலேயே பிறக்கும் கட்டி வேறு. இறந்தோர் உடல்களைச் சோதித்த கணக்குகளின்படி, பின்னது 10,000 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கே இருக்கும். அவற்றிலும் நான்கில் மூன்று பங்கு புற்றுநோய் அல்ல. கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே கண்ணீர் வடிக்கும் வீட்டார் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்சோமா. நுங்கைப்போல் வழுவழுப்பான இக்கட்டி, பெரும்பாலும் இடது மேலறையில், இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு காம்பினால் ஒட்டித் தொங்கும். இருதயம் துடிக்குந்தோறும் ஊஞ்சல்போல் ஆடி, கீழறைக்குச் செல்லும் வால்வின் வாயை அடைக்கும். நோயாளிக்கு மூச்சு வாங்கும், மயக்கம் வரும். இதனை வால்வு நோய் என்றே தவறாக எண்ணுவதும் உண்டு. இன்னும் பெரிய ஆபத்து, கட்டியின் துணுக்கு உடைந்து இரத்தத்தோடு மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குவது. ஆதலால்தான் எக்கோ பரிசோதனையில் கண்டவுடன் காலந்தாழ்த்தாது அறுவை செய்கிறார்கள். நாள் குறித்துக் காத்திருக்கையிலேயே இறந்தவர்களும் உண்டு.

துடிக்கும் இருதயத்தை எப்படித் திறப்பது? 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் கிப்பன் இருதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு வெற்றி கண்டார். மறு ஆண்டே சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், அத்தகைய இயந்திரத்தின் துணையால் இடது மேலறை மிக்சோமாவை அகற்றினார். அடிப்படை முறை இன்றும் அதுவே. நெஞ்செலும்பை நடுவே பிளந்து, இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தி, இரத்த ஓட்டத்தை இயந்திரத்தின் வசம் ஒப்படைத்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இருதயத்தை நிறுத்துவார்கள். பின்னர் கட்டி சிதறிவிடாதபடி, காம்பு ஒட்டியுள்ள சுவர்ப்பகுதியோடு சேர்த்து வெட்டியெடுப்பார்கள். அதனால் ஏற்படும் ஓட்டையை, இருதய உறையிலிருந்தே ஒரு துண்டெடுத்து ஒட்டுப்போட்டுத் தைப்பதுண்டு. தையல் வகுப்பில் ஒட்டுப்போடச் சலித்துக்கொள்ளும் நாங்கள் இதைப் படித்து வாயடைத்துப் போனோம்!

மிக்சோமா அறுவையில் உயிரிழப்போர் பொதுவாக 100க்கு 5 பேருக்கும் குறைவே. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கின்றனர். குடும்பவழியாக வரும் கார்னி நோய் உடையவர்களுக்கு மட்டும் கட்டி மீண்டும் முளைக்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் எக்கோ பரிசோதனையைக் கைவிடலாகாது. குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோமாவோ பல வேளைகளில் தானாகவே சுருங்கிவிடும். இரத்த ஓட்டத்தை அடைத்தாலொழியக் கத்தி வைப்பதில்லை.

சார்கோமா என்னும் புற்றுக் கட்டியின் கதை வேறு. அதற்குக் காம்பு இல்லை. சுவருக்குள்ளேயே வேர்விட்டுப் பரவும். முழுவதும் அகற்ற முடியாதபோது பலர் ஓராண்டைத் தாண்டுவதே கடினம். 1998ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் மைக்கேல் ரியர்டன் என்ற மருத்துவர், கைக்கு எட்டாத பின்புறத்தில் இருந்த கட்டிக்காக, நோயாளியின் இருதயத்தையே வெளியே எடுத்து, கட்டியை வெட்டிச் சீர்செய்து, அதே மார்பில் திரும்பப் பொருத்தினார். வலப்பக்கச் சார்கோமாவுக்கு முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகே அறுவை செய்யும் வழக்கமும் வந்துள்ளது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு, மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் கிடைக்கிறது.