ஏரிக்கரைக்கும் தரம் உண்டு

தஞ்சைத் தரணி என்றவுடன் ஆறும் வாய்க்காலுமே நினைவுக்கு வரும். ஆயினும், மேட்டூர்த் திட்டத்தின் ஓர் அங்கமாக 1930-களில் அமைந்த கல்லணைக் கால்வாய், அதாவது நம் மக்கள் புது ஆறு என்று அழைப்பது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பல நூறு ஏரிகளையும் நிரப்புகின்றது. இவ்வேரிகளின் கரை ஒவ்வொன்றும், பொறியியல் கணக்கில், ஒரு சிறு மண் அணையே ஆகும். ஆற்று நீர் ஒருபுறம் வர, ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து பெய்யுங்கால், அக்கரையின் வலிமை என்ன என்ற கேள்வி எழுகிறது.

பெரிய அணைகளுக்கு இக்கேள்வியைக் கேட்க இன்று ஒரு சட்டம் உண்டு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலிய வரையறைகளுள் ஒன்றிற்கு உட்பட்டவற்றையும், ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் பார்வையிட்டாக வேண்டும். நம் ஊர் ஏரிக்கரைகள் இவ்வுயரத்தை எட்டுவன அல்ல. ஆகையால் அவை சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. தண்ணீரோ உயரம் பார்த்து உடைப்பதில்லை.

பெரிய அணைகளைப் பார்வையிடும் பொறியாளர்கள் கண்ட குறைகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றனர். உடைப்பு வரையில் கொண்டுபோய் விடக்கூடிய குறைகள் முதல் வகை. விரைந்து சரிசெய்ய வேண்டிய பெருங்குறைகள் இரண்டாம் வகை. அந்த ஆண்டிற்குள்ளேயே நீக்கத்தக்க சிறு குறைகள் மூன்றாம் வகை. இங்கே முதல் வகுப்பு என்று கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. அதுவே யாவற்றினும் கேடானது.

இது கரையின் நிலையைப் பற்றிய தரம். இதனின்று வேறான மற்றொரு தரமும் உண்டு. கரை உடைந்தால் கீழே எவருக்கு என்ன சேதம் நேரும் என்பதை அளப்பது அது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர். மிக நல்ல நிலையிலுள்ள கரையும் பேரிடர் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஏரியின் கீழே வெறும் நஞ்சை இருந்தவரை, உடைப்பினால் ஒரு போகம் போயிற்று. மணல் அடித்த வயலைச் சீர்செய்ய ஓரிரு ஆண்டுகள் ஆயின. அதே வயலில் மனை பிரித்து, முப்பது வீடுகளும் ஒரு பால்வாடியும் எழுந்துவிட்டால், கரையில் ஒரு கூடை மண் கூடவோ குறையவோ இல்லாமலே அதன் தரம் மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை ஊராட்சி உறுப்பினர் அறிவதுபோல் எந்தப் பொறியாளரும் அறிய இயலாது. கட்டட அனுமதி பற்றிய பேச்சு எழும்போதே, அவ்விடம் கரைக்குக் கீழா, கலுங்கு நீர் செல்லும் வழியா என்று அவர் கேட்டல் வேண்டும்.

இனி, கரைகள் எவ்வாறு உடைகின்றன என்று பார்ப்போம். பெரும்பாலும் இரண்டே வழிகள்: நீர் கரைமேல் வழிதல், நீர் கரையினூடே வழி கண்டுகொள்ளுதல்.

மண்கரை, மேலே வழியும் நீரைத் தாங்காது. கலுங்கு இருப்பது அதற்காகவே. மீன் குத்தகைதாரர் கலுங்கில் வலை கட்டுவதும், இன்னும் ஓர் அடி நீர் நிற்கட்டும் என்று உழவர் மணல் மூட்டை அடுக்குவதும் நம் நாட்டில் புதுமையல்ல. அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் என்னும் ஊருக்கு மேலே இருந்த மண் அணையிலும், செல்வர் சங்கம் ஒன்று மீன் தப்பாதிருக்க உபரிநீர் வழியில் கம்பித் தடுப்பு வைத்தது. வண்டி செல்ல வசதியாக அணையின் தலையையும் தாழ்த்தியது. 1889 மே 31-இல் பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்து, நீர் அணைமேல் வழிந்தது. இறந்தோர் 2,209 பேர். கரையின் தலையில் வண்டித் தடத்தால் பள்ளம் விழுந்திருப்பின், வெள்ளம் முதலில் தேடி வரும் இடம் அதுவே. அதனை மண்ணிட்டு இறுக்கிச் சமன்செய்ய ஒரு நாள் வேலை போதும்.

கசிவு அத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை. மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிறு பாசன அணை 2019 ஜூலை 2-ஆம் நாள் இரவில் உடைந்து, இருபது பேர் அளவில் மாண்டனர். கசிவு பற்றி ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அமைச்சர் ஒருவர் நண்டுகள் கரையைத் துளைத்ததே காரணம் என்று கூறியது நகைப்புக்கு இடமாயிற்று. நண்டு வளையால் கரை கெடும் என்பதை நம் உழவர் மறுக்கமாட்டார். வளையை அடைப்பது யார் வேலை என்றே அவர் கேட்பார்.

எல்லா மண்கரையிலும் சிறிது கசிவு உண்டு. தெளிந்த நீர், ஒரே அளவாகக் கசிந்தால் அதைக் குறித்துவைத்துக் கவனித்து வரலாம். நீர் கலங்கி வந்தாலும், அளவு பெருகினாலும், கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்பது பொருள். மதகின் குழாயை ஒட்டியே இது மிகுதியும் தோன்றும். கல்லும் மண்ணும் சேருமிடம் எப்போதும் பலவீனமானது. கோடையில் கரையடியில் ஓரிடம் மட்டும் கோரை பச்சையாக நின்றால், அங்கே ஒரு குச்சி நட்டு வைக்கவும். வெளிச்சரிவில் பெருமரம் வெட்டி வேரை விட்டுவைத்திருந்தால், வேர் மக்கிய துளையே நீருக்கு வாய்க்காலாகும்.

அவசரத்தில் நம்மவர் செய்யும் ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டியிருக்கிறது. கலங்கிய ஊற்று வெளிப்படும் இடத்தில் களிமண்ணை அழுத்தி அடைப்பது தவறு. அடைபட்ட நீர் வேறொரு வழியை உடைத்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் அதன்மேல் சரளையும் இட்டால், நீர் வெளியேறும், மண் தங்கும். களிமண் இடவேண்டிய இடம் ஏரியின் உட்புறம். உடனே மதகைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும், கீழே குடியிருப்போரை மேட்டுக்கு அனுப்புவதும் இதனோடு சேர்ந்தே நடைபெற வேண்டும்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. புரட்டாசி முடியுமுன் உறுப்பினர் இருவரும் ஆயக்கட்டுதாரர் இருவரும் கரையின் தலைமேல் ஒருமுறையும், வெளிப்புற அடியில் ஒருமுறையும் நடந்து, கண்டவற்றை மேற்சொன்ன மூன்று வகையில் எழுதி, உரிய பொறியாளரிடம் கொடுத்து, நகலில் தேதியிட்ட கையொப்பம் பெற்றுக்கொள்வது நலம்.