காதுக்கு அளவான இயர்போன்

ஓடும் ரயில் பெட்டியில் அமர்ந்து கச்சேரி கேட்க விரும்புகிறவர், சக்கரங்களின் கடகடப்பும் மின்விசிறிகளின் இரைச்சலும் சக பிரயாணிகளின் சம்பாஷணையும் சேர்ந்து எழுப்பும் ஆரவாரத்துக்கு மேலாகத் தம் சங்கீதத்தை உயர்த்தினாலொழிய, அதன் நுட்பங்கள் ஒன்றையும் அனுபவிக்க இயலாது. பெட்டிக்குள் இருக்கும் இரைச்சல் 80 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், பாட்டு தெளிவாகக் காதில் விழுவதற்கு அதை 85 அல்லது 90 டெசிபல் வரையில் ஏற்ற வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் கணக்கின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனாலோ நான்கே மணி நேரந்தான். ஒலி 3 டெசிபல் உயரும்போதெல்லாம் அதன் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பதும், ஆகையால் அதைக் கேட்கத் தகுந்த காலம் பாதியாகக் குறைவதுமே இக்கணக்கின் அடிப்படை. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான் உண்டு என்பதையும், மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை என்பதையும் நினைக்கும்போது, இந்தக் கட்டுப்பாடு எத்துணை அவசியம் என்று விளங்கும்.

இவ்விக்கினத்துக்கு ஒரு மாற்று வழி உண்டு. சங்கீதத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, வெளி இரைச்சலைக் காதின் வாசலிலேயே நிறுத்திவிடலாம். 25 டெசிபல் அளவுக்கு அதைத் தடுக்க முடியுமானால், 80 டெசிபல் ஆரவாரம் காதுக்குள் 55 டெசிபலாகக் குறைந்துவிடும். அப்போது 65 அல்லது 70 டெசிபலில் ஒலிக்கும் பாட்டே திருப்தியாகக் கேட்கும். இரைச்சலைத் தடுக்கும் இயர்போனின் பிரயோஜனம், ஆகவே, அது எவ்வளவு பலமாக ஒலிக்கும் என்பதில் இல்லை. எவ்வளவு மெல்ல ஒலித்தாலும் போதும்படி செய்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இவ்வகைத் தடுப்பு இரு விதம். வெளிச் சப்தத்தை மைக்கினால் கவனித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, ஒன்றை மற்றொன்றால் அழிப்பது முதல் விதம். பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்தத் தத்துவத்துக்கு 1936ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து சென்று குடியேறியவரின் புதல்வரான அமர் போஸ் 1978ல் ஒரு விமானப் பிரயாணத்தின்போது இதைப் பற்றிய சிந்தனையில் இறங்கி, பிற்காலத்தில் அதைச் சாமானியர் வாங்கும் பொருளாக்கினார். இம்முறை விமான எஞ்சினின் ஓயாத முழக்கம் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளை அடக்குவதில் மிகச் சமர்த்து. ஆனால் ஹாரனின் அலறலையும் திடீரென எழும் கூச்சலையும் அவ்வளவாக அடக்காது. அன்றியும் அதற்குப் பேட்டரி வேண்டும். செவித்துளையை மிருதுவான பொருளால் அடைத்து, அந்த அடைப்பின் நடுவே சங்கீதத்துக்கு மட்டும் ஒரு சிறு வழி விடுவது இரண்டாவது விதம். மின்சாரச் சாமர்த்தியம் ஏதும் இன்றி நடப்பதாகிய இந்த இரண்டாவது விதத்தைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்லப் போகிறோம்.

இதன் பூர்வோத்தரம் சங்கீத உலகத்தைவிடக் காதுப் பரிசோதனைச் சாலைகளையே அதிகம் சார்ந்தது. மிக மெல்லிய ஒலிகளை நோயாளிக்குக் கேட்கச் செய்து செவிப்புலனை அளக்கும் நிபுணர்களுக்கு, அறையின் சப்தம் உள்ளே புகுவது பெரும் இடையூறாக இருந்தது. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் 1983ல் எடிமோடிக் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்த மீட் கில்லியன், செவித்துளைக்குள் செருகத்தக்க இயர்போன்களைப் பரிசோதனைக்கென அமைத்தார். அதே அனுபவத்தின் பலனாக, சங்கீத ரசிகர்களுக்கென்று இஆர்-4 என்ற இயர்போன் 1991ல் வெளியாயிற்று. விரலால் கசக்கிச் செருகினால் மெல்ல விரிந்து துளையை நிறைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் தொழிலாளர்களின் காதுகளைக் காப்பதற்காக 1972ல் ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்தது. இன்று கடைகளில் தொங்கும் இயர்போன்களில் ஒரு பெரும் பகுதி இந்த இரண்டு மரபுகளின் சந்ததியே.

இனி, தேர்ந்தெடுக்கும் விஷயம். இயர்போன் வாங்கப் போகிறவர் யந்திரத்தை அறிவதற்கு முன் தம் காதை அறிய வேண்டும். செவித்துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் ஏழு மில்லிமீட்டர் அளவு அகலமும் உள்ள, சற்றே வளைந்து செல்லும் குழாய். அதன் குறுக்குவெட்டு பூரண வட்டமன்று, நீள்வட்டமாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரே மனிதரின் இரு காதுகள்கூட ஒரே அளவில் இருப்பதில்லை. வெளிப்புறத்து மூன்றில் ஒரு பாகம் குருத்தெலும்பாலானது. வாயை அசைக்கும்போதெல்லாம் அதுவும் அசையும். உட்புறத்து இரண்டு பாகம் எலும்பு. அதன்மேல் போர்த்திய தோலோ மிக மெல்லியது, லேசாகத் தீண்டினாலும் உறுத்தும். சிலருக்கு அங்கே ஏதேனும் பட்டவுடன் இருமல் வருவது, அவ்விடத்துக்கு வேகஸ் நரம்பின் கிளையொன்று வந்து சேர்வதால்தான்.

இந்தக் குழாயின் சுவரோடு இயர்போனின் நுனி எங்கும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் என்பதே இந்தக் கலையின் ஜீவன். புல்லாங்குழலின் துளையை விரல் முழுதும் மூடாமல் ஓரத்தில் இம்மியளவு திறந்துவிட்டால் கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் எப்படி வாராவோ, அப்படியே காதிலும் சிறு கசிவு இருந்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தம்பூராவின் மந்தர சுருதியும் மெலிந்துபோகும். அதே கசிவின் வழியாகப் பஸ்ஸின் உறுமல் உள்ளே வந்து சேரும். ‘இந்த இயர்போனில் நாதம் போதவில்லை’ என்று சலித்துக்கொள்கிறவர்களில் பலர் குறை காண வேண்டியது யந்திரத்தை அன்று, அதன் நுனியில் பொருத்திய உறையைத்தான்.

கடைக்காரர்கள் ‘டிப்’ என்று சொல்லும் இந்த உறை மூன்று விதமாகக் கிடைக்கும். ஒற்றைக் குடையாக அமைந்த சிலிக்கோன் உறை செருகவும் கழற்றவும் கழுவவும் சௌகரியமானது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகளைப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு வேறொன்றுமாக அமைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. இரண்டு, மூன்று அடுக்குகளாக அமைந்த சிலிக்கோன் உறை ஆழமாகச் சென்று இரைச்சலை வெகுவாகத் தடுக்கும். ஆயினும் அதைப் பழகிக்கொள்ளப் பொறுமை வேண்டும். நுரைப்பஞ்சு உறை எந்த வடிவத்துக்கும் இணங்கி, அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும்படி நிற்பதால், நெடுநேரம் கேட்பவருக்கு மிக உகந்தது. ஆனால் அழுக்கையும் ஈரத்தையும் உறிஞ்சுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எதுவாயினும், எதிர்ப்புறக் கையைத் தலைக்குப் பின்னாகக் கொண்டுவந்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாயின் வளைவு நிமிரும். அப்போது செருகினால்தான் சரியாகப் போய் அமரும். கழற்றும்போது சடக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உண்டாகும் காற்றிழுப்பு செவிப்பறையை வருத்தும்.

காதை நன்றாக அடைத்துக்கொண்டவர் முதலில் திடுக்கிடும் விஷயம் ஒன்று உண்டு. தம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும்; நடந்தால் காலடி ஒவ்வொன்றும் தலைக்குள் அதிரும். எலும்பின் வழியாகக் குருத்தெலும்புப் பாகத்துக்கு வந்து சேரும் அதிர்வு, வழக்கமாக வெளிவாசல் வழியே கலைந்துபோவது, வாசல் அடைபட்டதும் செவிப்பறையை நோக்கித் திரும்புவதே இதன் காரணம். உறையை எலும்புப் பாகம் வரையில் ஆழமாகச் செலுத்தினால் இந்த முழக்கம் குறையும், உறுத்தலோ கூடும். ஆகவே முழக்கம், உறுத்தல் ஆகிய இரண்டில் எது தமக்கு அதிகத் தொல்லை தருகிறது என்று பார்த்து ஆழத்தைத் தீர்மானிப்பது விவேகம்.

யந்திரத்தின் உடல் காதுமடலின் குழியில் எங்கும் இடிக்காமல் அமர்கிறதா, அதன் கனம் நுனியைக் கீழே இழுக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஒயர் உள்ள இயர்போனில் ஒயர் சட்டையில் உரசும் ஒலிகூட உள்ளே கேட்கும். ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்புறம் விட்டால் அது பெரும்பாலும் அடங்கும். ஒயர் இல்லாதவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பேட்டரியையும் சேர்த்தே காது சுமக்க வேண்டும். வாங்குமுன் பரீட்சிக்கும் முறை எளிது: இரு காதிலும் செருகிக்கொண்டு சிறிது நேரம் பேசியும் மெல்லுவதுபோல் தாடையை அசைத்தும் பார்க்க வேண்டும். பொருத்தம் அப்போது நழுவினால் அந்த உறை நமக்கு உரியதன்று. எந்த உறையும் பொருந்தாத காதுக்கு, செவியியல் நிபுணர் அச்செடுத்துத் தனியே வார்த்துத் தரும் வகை உண்டு. மேடைப் பாடகர்களிலும் வாத்தியக்காரர்களிலும் பலர் அதை அணிகிறார்கள்.

காதுக் குறும்பி தானாகவே வெளியே நகர்ந்து வரும் இயல்புடையது. உறையை அடிக்கடி செருகுவது அதை உள்ளே தள்ளிவிடக்கூடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடலோர ஊர்களில், வியர்த்த காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் காளான் தொற்றும் உண்டாகலாம். சிலிக்கோன் உறையை அவ்வப்போது கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தியும், இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுத்தும் வந்தால் இவற்றைத் தவிர்க்கலாம். சீழ் வடியும் காதும் துளைபட்ட செவிப்பறையும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதை உபயோகிக்கவே கூடாது. தெருவில் நடக்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் இயர்போன் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, இரண்டு ஆலோசனைகள் போதும். அளவான உறையுடன் அமைந்த சாதாரண இயர்போன், அளவு தவறிய உறையுடன் கூடிய உயர்ந்த ரகத்தைவிட நன்றாக ஒலிக்கும் என்பது ஒன்று. ஆகையால் கையிலுள்ள பணம் முழுவதையும் யந்திரத்துக்கே செலவிட்டுவிடாமல், ஒரு பகுதியை வேறு வேறு வகை உறைகள் வாங்கிப் பரீட்சிப்பதற்கென ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. காதில் இருப்பதே மறந்துபோகும் உறை கிடைக்கும் வரையில் இந்தப் பரீட்சையை விடாமல் நடத்துவது நலம்.