வரைபடத்தோடு நின்ற மீன் காட்சியகம்

நீங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்ததுண்டா? முதல் சில நாட்கள் மீன்கள் துள்ளி விளையாடும். அடுத்த வாரத்தில் ஒன்று சோர்ந்துபோய் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும். மறுநாள் காலை இறந்து கிடக்கும். “தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, இரையும் போட்டோமே!” என்று நீங்கள் வருந்தியிருக்கலாம். அந்த மீன் ஏன் இறந்தது? இதற்கு விடை காண, லண்டன் மாநகரில் கட்டத் திட்டமிட்டுக் கட்டாமலே விட்டுவிட்ட ஒரு மீன் காட்சியகத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

கப்பல்கள் வராத துறை

லண்டனின் கிழக்குப் பகுதியில், தேம்ஸ் நதியை ஒட்டி, 1855-ஆம் ஆண்டில் ராயல் விக்டோரியா கப்பல் துறை திறக்கப்பட்டது. பல நாட்டுக் கப்பல்கள் அங்கே சரக்கு இறக்கின. பிற்காலத்தில் சரக்குகளைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் முறை வந்தது. அப்பெட்டிகளைச் சுமக்கும் பெருங்கப்பல்களுக்கு இந்தத் துறை ஏற்றதாக இல்லை. 1981-இல் துறை மூடப்பட்டது. கரையிலிருந்த பெரிய மாவு ஆலையும் பாழடைந்தது.

இந்த நிலத்தைப் புதுப்பிக்க வகுத்த திட்டத்துக்குச் ‘சில்வர்டவுன் கீஸ்’ என்று பெயர். ஏறத்தாழ 5,000 வீடுகளும், அவற்றுக்குச் சிறப்புச் சேர்க்க ஒரு மீன் காட்சியகமும் அதில் இடம்பெற்றன. காட்சியகத்தின் பெயர் ‘பயோட்டா’. ஒரு வட்டாரத்தில் வாழும் எல்லா உயிரினங்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. டெர்ரி ஃபாரெல் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் நிறுவனம் வரைபடம் தயாரித்தது. மதிப்பீடு சுமார் 8 கோடி பவுன். 2005-இல் அனுமதியும் கிடைத்தது. அருகிவரும் நீர்வாழ் உயிர்களைக் காப்பதே இதன் முதல் நோக்கம் என்று அறிவித்தார்கள்.

இதை நடத்தவிருந்தது லண்டன் விலங்கியல் சங்கம். இத்துறையில் அச்சங்கத்துக்குத் தனி வரலாறு உண்டு. உலகின் முதல் பொது மீன் காட்சியகத்தை 1853-இல் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் திறந்தது அதுதான். அதற்கு 3 ஆண்டுகள் முன்பே, ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலார் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் ஒன்றாக வாழவைத்துக் காட்டியிருந்தார். தாவரம் ஆக்சிஜன் தந்தது, அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன, நீர் கெடவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

பெரிய காட்சியகத்தில் நீரைக் காப்பது எவ்வளவு கடினம்? நாமே ஒரு தொட்டியைக் கற்பனை செய்வோம். நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர், ஆழம் 6 மீட்டர். இதன் கொள்ளளவு 1,200 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கடல்நீர் 1 டன்னுக்குச் சற்று அதிகமான எடை உள்ளது. ஆக, தொட்டி நீரின் எடை மட்டும் 1,200 டன்னுக்கு மேல்! தரை இதைத் தாங்கவேண்டும்.

பார்வையாளர் நிற்கும் பலகணியைக் கவனியுங்கள். 6 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நீர் சுமார் 6 டன் விசையுடன் அழுத்தும். அது ஏறத்தாழ ஒரு பெரிய ஆண் யானையின் எடை. தொட்டியின் நீளத்தை இரு மடங்காக்கினாலும் இந்த அழுத்தம் மாறாது. ஆழம் கூடினால்தான் கூடும். இத்தகைய பலகணிகளை அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக்கால் செய்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவா காட்சியகத்தில் 2002-இல் பொருத்திய பலகை 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் உடையது. அதன் தடிமன் 60 சென்டிமீட்டர்!

அடுத்தது உப்பு. ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புகள் உள்ளன. கடலுக்கு எட்டத்தில் உள்ள நகரில் இந்த நீரை நாமே தயாரிக்க வேண்டும். நம் தொட்டிக்கு 42 டன் தேவை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இப்போது உங்கள் மீனுக்கு வருவோம். மீன்கள் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது நிறமற்றது; ஆனால் கொடிய நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதன் தீங்கு மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிரப்பினால், தெளிந்த நீரிலேயே அவை மடியும். உங்கள் மீன் இறந்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே பெரிய காட்சியகத்தின் உயிர்நாடி, பலகணிக்குப் பின்னால் உள்ள வடிகட்டிகளும் பம்புகளும்தான். அவை இரவும் பகலும் ஓடவேண்டும். கட்டடத்துக்கு ஒருமுறை செலவழித்தால் போதும்; நீருக்கோ நாள்தோறும் செலவழிக்க வேண்டும்.

போனது என்ன?

2008-இல் உலகெங்கும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. வீடுகளின் விலை சரிந்தது. சில்வர்டவுன் கீஸ் திட்டம் கைவிடப்பட்டது; அதனோடு பயோட்டாவும் போயிற்று. அந்த நிலத்துக்கு 2015-இல் வேறொரு திட்டம் அனுமதி பெற்றது.

ஒரு கட்டடம் வராததால் என்ன குறை என்கிறீர்களா? 2013-இல் நடந்ததைக் கேளுங்கள். மடகாஸ்கர் தீவின் மங்கராஹாரா நதியில் வாழ்ந்த ஒரு மீன் இனம், அணைகளால் நீர் வற்றி அழியும் நிலைக்கு வந்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் எஞ்சியிருந்த இரண்டும் ஆண் மீன்கள்! பெண் மீன் வைத்திருப்போர் உண்டா என்று உலகெங்கும் உள்ள மீன் வளர்ப்போரிடம் கேட்டார்கள். அவ்வாண்டின் இறுதியில் மடகாஸ்கரிலேயே ஓர் ஓடையில் சிறு கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சில மீன்களைப் பிடித்து, அங்கேயே ஒரு பண்ணையில் வளர்த்தார்கள். இப்படிப்பட்ட பணிக்குத்தான் பயோட்டா இடம் தந்திருக்கும். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1924 முதல் இயங்கிய பழைய மீன் காட்சியகமும் 2019-இல் மூடப்பட்டுவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது

புதுத் தொட்டி வைத்தால், குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றுங்கள். நன்கு நடக்கும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லைக் கழுவாமல் எடுத்துப் போடுங்கள். பாக்டீரியாக்கள் அதில் ஒட்டியிருக்கும். முதல் மாதம் ஒன்றிரண்டு மீன்கள் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். மீன்கள் பிழைத்தால், உங்கள் நண்பருக்கும் ஒரு கைப்பிடிக் கூழாங்கல் கொடுங்கள்.