பால் நிற மருந்தும் புதிய இரத்தக் குழாய்களும்

காலில் சற்று ஆழமான காயம் பட்டால், சில நாட்களில் புண்ணின் அடியில் சிவந்த, குறுமணல் போன்ற சதை தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்புக்குக் காரணம், அங்கே புதிதாக முளைத்த இரத்தத் தந்துகிகள்தாம். ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தை வெளிவிடுகின்றன. அருகிலுள்ள தந்துகியின் சுவர்ச் செல்கள் அதை உணர்ந்து, பெருகி, அத்திசையில் கிளை விடுகின்றன.

இந்த நல்ல ஏற்பாட்டைப் புற்றுநோய்க் கட்டியும் திருடிக்கொள்கிறது! புதிய குழாய்கள் வந்து சேராவிட்டால் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று 1971-இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். பலர் நம்பவில்லை. ஆனால் வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

சரி, கட்டியை வெட்டி எடுக்க நோயாளியை மயக்க வேண்டுமே? சிரை வழியே செலுத்தும் மயக்க மருந்துகளில் இன்று பெரிதும் பயன்படுவது புரோபோஃபால். சோயா எண்ணெயும் முட்டையின் லெசித்தினும் கலந்திருப்பதால் பால் போல வெளுத்திருக்கும். ஊசி ஏறிய ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். இது மூளையை மட்டும் தேடிப் போவதில்லை. இரத்தத்தோடு உடலெங்கும் சுற்றுகிறது. அப்படியானால் குழாய்கள் முளைப்பதையும் இது பாதிக்குமா?

இத்தகைய கேள்விக்கு விடை தேடக் கோழிமுட்டையும் உதவும். கரு வளரும் முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டினால், உள்ளேயுள்ள சவ்வில் குழாய்கள் கிளைப்பது தெரியும். மருந்தை வைத்துக் கிளைகளை எண்ண வேண்டியதுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் சோதிக்கலாம். ஆக்சிஜன் குறைவைச் செல்லுக்கு அறிவிக்கும் ஹிஃப்-1 என்ற புரதம் சேர்வதைப் புரோபோஃபால் குறைத்ததாகச் சில சோதனைகள் காட்டின. அந்த அறிவிப்பு இல்லையேல் வி.இ.ஜி.எஃப். உற்பத்தியும் தணியும்.

அப்படியென்றால் புற்றுநோய் திரும்பி வருவதும் குறையுமல்லவா? எட்டு நாடுகளில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 2,132 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் புரோபோஃபாலும். மற்றவர்களுக்கு மூச்சில் இழுக்கும் செவோஃப்ளூரேனும் அபின் வகை வலிமருந்தும். 2019-இல் முடிவு வந்தது. இரு பிரிவிலும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது!

கிண்ணத்துச் செல்கள் மருந்திலேயே ஊறிக் கிடக்கின்றன. நோயாளியின் உடலிலோ கல்லீரல் அதைச் சில மணி நேரத்தில் பெரும்பாலும் சிதைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, தைத்த காயமே ஆறுவதற்காக நாட்கணக்கில் வி.இ.ஜி.எஃப். சுரந்துகொண்டிருக்கும்.